பெட்டியில் ஒரு இடம் காலி

"ஏனுங் பண்ணாடி, அந்தக் கத்தியக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா இந்தக் கயிற அறுத்துப்போடுவேனுங்க."

வாசலில் நின்று கேட்டான் தோப்பில் வேலை செய்கிற மாசாணம். மோட்டாரில் சுற்றிக்கொண்ட நைலான் கயிறு அவன் அரிவாளுக்கு மசியவில்லை.

பாலுசாமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போயி அருவாளத் தீட்டுடா. இது கண்டதுக்கும் குடுக்கற கத்தியா?"

தோட்டத்துக்காரர் பாலுசாமிக்கு மடக்குக் கத்தி என்றால் உயிர். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கிற மற்றவர்கள் நகை வாங்கினார்கள், மனை வாங்கினார்கள். இவர் கத்தி வாங்கினார். சிங்கப்பூர் மச்சினன் வரும்போதெல்லாம் ஒன்று கொண்டுவர வேண்டும். அதுவும் பழம் நறுக்குகிற கத்தி இல்லை. ஆணியை நெம்பலாம், டயரைக் கிழிக்கலாம். விரித்தால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும், என்ன அழுத்தினாலும் விரல் மேல் மடங்காது.

வெல்வெட் பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் தனி இடம். தினம் ஒன்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வார். சொந்தக்காரர்கள் வந்தால் கையில் கொடுத்து, "நல்லா அழுத்துங்க மாப்ள, ஒண்ணும் ஆகாது" என்று தென்னை மட்டையை அறுக்கச் சொல்வார். வேலைசெய்யாத கத்தி வெறும் இரும்பு என்பது அவர் கட்சி.

மாசாணத்துக்குத் தூர நின்று வேடிக்கை பார்க்க மட்டும்தான் கொடுப்பினை. பார்த்துப் பார்த்தே எந்தக் கத்தியை எப்படி விரிப்பது என்று அவனுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

அன்று மத்தியானமே அந்தக் கத்தி அவன் கைக்கு வந்தது.

பாலுசாமியின் மகள் சண்முகப்பிரியா, காலேஜ் முடிந்து புது மாருதியை ஓட்டிக்கொண்டு வந்தாள். எதிரே வந்த தேங்காய் லாரிக்கு ஒதுங்கியவள் வாய்க்காலுக்குள் போய்விட்டாள். தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டுத் தோப்பிலிருந்து இருவரும் ஓடினார்கள். மூன்று கிணறு வைத்திருந்தும் பாலுசாமிக்கு நீச்சல் தெரியாது.

மாசாணம் குதித்தான். கார் மூக்குக் குப்புற அமிழ்ந்துகொண்டிருந்தது. திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் துழாவிவிட்டுத் தலையைத் தூக்கினான்.

"பெல்ட்டு கழல மாட்டேங்குதுங்க! கத்திய வீசுங்க!"

"ஐயோ, நாந்தானே அதப் போட்டே ஆகோணும்னு சொன்னேன்!" அலறிக்கொண்டே பாலுசாமி கத்தியை உருவி வீசினார்.

கலங்கிய தண்ணீருக்குள் கண் தெரியவில்லை. கட்டைவிரல் மட்டும் தானாகக் கத்தியை விரித்தது. கெட்டிப் பெல்ட் அறுந்தது. அவளை ஜன்னல் வழியாக இழுத்து, தோளில் போட்டுக்கொண்டு கரையேறினான்.

குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்தியதும் தண்ணீரைக் கக்கிவிட்டு, "அப்பா" என்றாள். பாலுசாமி மகளைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். மாசாணத்துக்கும் அழுகை வந்துவிட்டது.

கத்தியை மடக்கி, துண்டில் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினான்.

வாங்க வந்த அவர் கை பாதியில் நின்றது.

"இருக்கட்டும் மாசாணம். நீயே வெச்சுக்க."

அவர் வாயிலிருந்து 'டா' இல்லாமல் ஒரு வார்த்தையை அன்றுதான் கேட்டான்.

ஊர் முழுக்க அதே பேச்சு. "உசுரா வெச்சிருந்ததத் தூக்கிக் குடுத்துப்போட்டாரே! மனுசன்னா அவருதானுங்க" என்றார் டீக்கடை வேலுமணி. கஞ்சன் என்று திட்டிய வாயெல்லாம் புகழ்ந்தது.

மாசாணத்துக்குத்தான் மனசு கேட்கவில்லை. பெட்டியில் அந்த ஒரு இடம் காலியாக இருக்குமே, திறக்கும்போதெல்லாம் அவருக்கு உறுத்துமே என்று இருந்தது.

"அவரு ஆசையா வெச்சிருந்த சாமானம். நமக்கு அருவா போதுமுங்க மாமா. கொண்டு போயிக் குடுத்துப்போட்டு வாங்க" என்றாள் அவன் மனைவி பாவாத்தாளும். சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தது அவள்தான்.

பாலுசாமியின் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தான். அவர் மனைவி சாந்தாமணி வந்தாள். அவளுக்குப் பின்னால், கூடத்தில், பாலுசாமி மகளுக்குத் தன் கையால் இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"கத்திங்கம்மா. பண்ணாடி ஏதோ அவசரத்துல குடுத்துப்போட்டாருங்க. பெட்டியில வெச்சுக்கச் சொல்லுங்க."

சாந்தாமணி திரும்பி உள்ளே பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அதட்டவில்லை, தன்மையாகத்தான் சொன்னாள்.

"உனக்குத் தெரியாததா மாசாணம்? அவருக்கு மட்டும் குடுக்க மனசா என்ன? நீ கையில எடுத்துப் பொழங்கிப்போட்டயல்ல, இனி எப்படி அத ஊட்டுக்குள்ள சேத்தறது?"

மாசாணத்துக்குக் கோபம் வரவில்லை. நிஜமாகவே ஒரு சந்தேகம்தான் வந்தது. கூடத்தைப் பார்த்தபடி கேட்டான்:

"சின்னம்மிணியத் தோள்ல போட்டுத் தூக்கியாந்ததும் நாந்தானுங்களே அம்மா?"