மூன்று அங்குலம் குட்டை

முதல் அறையிலேயே காது அடைத்துக்கொண்டது. இரண்டாவது அறைக்கு நான் தரையில் கிடந்தேன்.

அடித்தவன் என் கூடப்பிறந்த தம்பி.

அவன் கோபத்தைத் தப்புச் சொல்ல முடியாது. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் அது. புது வண்டியிலிருந்து கழற்றிய ஷாஃப்டை அதற்கு வெட்டிப் பொருத்தும்படி தம்பியின் கூட்டத்தார் என் பட்டறையில் கொடுத்திருந்தார்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் இரும்புக் குழாய். நீளமானதை அளந்து வெட்டி மறுபடி பற்றவைக்க வேண்டும்.

நான் பற்றவைத்தது மூன்று அங்குலம் குட்டை. மாட்டிப் பார்த்தால் முனை கியர்பாக்ஸை எட்டவே இல்லை.

வெட்டிய குழாய் வளராது. ஒட்டுப்போட்டால் முதல் மேட்டிலேயே முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். ஆகவே இன்றைக்கு வண்டி கிளம்பாது. சீட்டுக்கு அடியில் சாக்கில் சுற்றி வைத்திருந்த கத்திகளும் கிளம்பாது. மலைக்கு அந்தப் பக்கம் யாரையோ முடிக்கப் போகிறார்களாம்.

கூட்டத்தின் தலைவர் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். எல்லோருக்கும் அவர் மாமா. என் தம்பி அவருடைய டிரைவர். நாங்கள் அண்ணன் தம்பி என்பது அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. அழுக்குச் சட்டைக்காரனை அண்ணன் என்று சொல்லிக்கொள்ளத் துரைக்கு வெட்கம்.

இந்தப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்தவன் அவன்தான். அதனால் மற்றவர்களைவிட ஓங்கி அடித்தான். விலாவில் ஒரு உதை. இன்னொரு உதை. கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்கிறவனுக்கு வீராப்பைப் பார்!

வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

காலையில் அளவெடுக்கும்போது ஆறு பேரையும் வண்டியில் ஏறி உட்காரச் சொன்னேன். பாரம் ஏறினால்தான் வண்டியைத் தாங்கும் வில்பட்டை அமுங்கும். அமுங்கினால்தான் சரியான நீளம் தெரியும். இருபது வருஷமாக அப்படித்தான் அளக்கிறேன்.

அளந்து முடித்ததும் மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். தம்பி மட்டும் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தான். வெளியே நின்ற மாமாவிடம், எல்லா வண்டிக்கும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். போகவர இதே ஆட்கள்தானா?

அவர் யோசிக்காமல் பதில் சொன்னார்.

“போறப்ப ஆறு. திரும்பறப்ப அஞ்சு பேருதான். அப்ப நானே ஓட்டிக்குவேன்.”

முடிக்கப்போகிற ஆள் மலைக்கு அந்தப் பக்கம் இல்லை. தம்பி சீப்பைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, விசில் அடித்தபடி ஜீப்பிலிருந்து இறங்கினான்.

குழாயில் போட்டிருந்த சுண்ணக்கட்டிக் கோட்டை அழித்தேன். மூன்று அங்குலம் உள்ளே தள்ளிப் புதுக் கோடு போட்டு வெட்டினேன். அவனைத் தனியாகப் பிடித்துச் சொல்ல ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை. அவனைச் சுற்றி எப்போதும் யாராவது நின்றார்கள்.

இப்போது அவனே என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான். முகத்தோடு முகம் உரசியது. அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தேன்.

“டேய், திரும்பறப்ப அஞ்சே பேராம். வண்டிய மாமா ஓட்டுவாராம்.”

அவன் கண் ஒரு நொடி என் கண்ணிலேயே நின்றது. பிறகு என் அம்மாவைச் சேர்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக் கையை ஓங்கினான்.

அந்த அறை தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். வலிக்கவே இல்லை.