எட்டு மணி நேர விதி

"இந்த மாசத்துல இது ஆறாவது புகார். தெருவுல எல்லார் வீட்டுலயும் தண்ணி வருது. உங்க வீட்டுல மட்டும் எப்படி நிக்குது, பெரியவரே?"

வாசலில் நின்று கேட்டான் ஃபபியான். தண்ணீர் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்குத் தலைவனாக வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சிலி நாட்டின் வடக்கே, மழையையே பார்க்காத அந்தத் துறைமுக ஊரில் குழாய்த் தண்ணீர் என்றால் அவனுடைய கம்பெனிதான்.

பெரியவர் எலியோடோரோ அசரவில்லை. தாமிரச் சுரங்கத்தில் முப்பது வருடம் வெடி வைத்த மனிதர்.

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உனக்குச் சம்பளம் தர்றாங்க? எனக்குத் தெரிஞ்சது பதினேழாம் விதி. குழாயில தண்ணி வரலேன்னா எட்டு மணி நேரத்துக்குள்ள லாரித் தண்ணி வந்தாகணும். இல்லேன்னா கம்பெனிக்கு அபராதம்."

"விதியெல்லாம் மனப்பாடமா?"

"தனியார்கிட்ட தண்ணி வாங்கிக் குடிக்கிறவன் ஜெபத்தை மறந்தாலும் விதியை மறக்கக் கூடாது, தம்பி. லாரி அப்பவே வந்துடுச்சு. பின்னால இறக்கிட்டு இருக்கான். நீ உன் வேலையைப் பாரு."

ஃபபியான் பார்த்தான். தெருக் குழாயில் அழுத்தம் சரியாக இருந்தது. மீட்டரில் கோளாறு இல்லை. பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கடைசியில் எலியோடோரோவின் சமையலறைக்குள் போய், உருளைக்கிழங்கு மூட்டையை நகர்த்தினான். சுவரோரம் ஒரு வால்வு, இறுக்கி மூடியிருந்தது. திருகினான். குழாய் இரண்டு முறை இருமிவிட்டுக் கொட்ட ஆரம்பித்தது.

"கெட்டிக்காரன்தான்," என்றார் எலியோடோரோ. "உனக்கு முன்னால வந்தவங்க மூட்டையை நகர்த்தவே இல்லை."

"அப்ப லாரியில வந்த பத்தாயிரம் லிட்டரும் எங்கே போகுது?"

பதிலுக்குக் காத்திராமல் அவனே பின்கதவைத் திறந்தான்.

லாரியின் குழாய் பின்சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் தொங்கியது. அங்கே டிரம், வாளி, எண்ணெய் டின் என்று கையில் கிடைத்ததோடு ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் குன்று முழுக்கப் பலகையும் தகரமுமாக வீடுகள். கம்பெனியின் எல்லை எலியோடோரோவின் சுவரோடு முடிந்துவிடும். அதற்கு மேலே இருப்பவர்களுக்கு வாரம் ஒரு முறை நகராட்சி லாரி, அவ்வளவுதான்.

"இவங்க யாரும் எங்க வாடிக்கையாளர் இல்லை, பெரியவரே."

"நான் வாடிக்கையாளர்தானே? என் வீட்டுக்கு வந்த தண்ணியை நான் யாருக்கு ஊத்தினா உனக்கென்ன?"

"இதுக்குப் பேரு மோசடி."

"ஏழு நாள் டிரம்ல கிடந்த தண்ணியைக் குடிச்சுப் பாத்திருக்கியா? ஒரே ஒரு டம்ளர் குடிச்சுட்டு வந்து பேரு வை."

ஃபபியான் வரிசையை ஒரு முறை பார்த்தான். ஆனால் ஆறு புகாரும் கம்பெனியின் கணக்கில்தான் ஏறும். தலைநகரில் இருக்கும் கண்காணிப்பு ஆணையம் விளக்கம் கேட்டால் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். இன்றைக்கே இதற்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று போனை எடுத்து ஆணையத்தின் எண்ணை அழுத்தினான்.

வரிசையின் கடைசியில் நின்ற ஒருவர் காலி டிரம்மைத் திருப்பி உருட்டத் தொடங்கினார்.

"நில்லுப்பா, எங்கே போறே?" என்றார் எலியோடோரோ, சுவரில் சாய்ந்தபடி. "பேசட்டும்."

மறுமுனையில் ஒரு பெண் அதிகாரி. மூடிய வால்வு, லாரி, வரிசை என்று ஃபபியான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தான். அவள் வீட்டு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

"எட்டு மணி நேரத்துக்குள்ள லாரி போச்சா?"

"போச்சு, மேடம்."

"அப்ப கம்பெனி மேல தப்பில்லை. அபராதமும் இல்லை. வால்வை யாரு மூடினாங்கன்னு விதியில எங்கேயும் கேக்கலையே."

"ஆனா மேடம், எங்க எல்லைக்கு வெளியே ஒரு குன்றே இங்க வரிசையில நிக்குது."

"தெரியும்."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அந்த வரிசையில நீல டிரம்மோட, கைத்தடி ஊணிக்கிட்டு ஒருத்தங்க நிப்பாங்க, பாருங்க. முழங்கால் வலி, ரொம்ப நேரம் நிக்க முடியாது. எங்கம்மாதான் சார், அவங்களுக்கு மட்டும் முதல்ல பிடிச்சு விடச் சொல்லுங்க."