கீழ்வரி

"டீச்சர், இந்தத் தடவையும் ரெண்டு குரல்தான் கேட்டுச்சு."

நியேவெசுக்கு எரிச்சலாக வந்தது. அவள் பியானோவில் வாசித்தது ஒற்றை மெட்டு. அதைக் காதால் கேட்டு, சுரம் பிசகாமல் தாளில் எழுத வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. நாலாம் வகுப்பு யாரிசெல், மெட்டை ஒழுங்காக எழுதிவிட்டு அதன் கீழே இன்னொரு வரியும் சேர்த்திருந்தாள்.

"சனிக்கிழமை இசைப்பள்ளி நுழைவுத் தேர்வு. அங்கே போய் இப்படி எழுதி வை, சாந்தியாகோ ஊரே சிரிக்கும். கேட்டதை எழுதுடி, நீயா ஜோடிக்காதே."

"ஜோடிக்கல டீச்சர், சத்தியமா! முதல் தடவை வாசிச்சப்போ ஒரு குரல்தான். மூணாவது தடவை கீழே இன்னொண்ணு வந்து சேர்ந்துக்குது." யாரிசெல் தயங்கினாள். "நீங்களே முனகுறீங்களோ என்னவோ."

நியேவெசுக்குச் சுருக்கென்றது. ஒரு காலத்தில் மேடை மேடையாக ஜோடி சேர்ந்து பாடியவள். இப்போது பிள்ளைகள் பாடம் முடிந்து போய்விட்டால், இந்தப் பாதி வீட்டில் பேச்சுத் துணைக்கு ஒரு நாதி கிடையாது. காபி வடிகட்டும்போது தனக்குத்தானே பேசுவதை அவளே சில நாள் கண்டுபிடித்திருக்கிறாள். தனிமை முற்றி, வாய் சொன்னபடி கேட்காமல் போய்விட்டதா? பயமாக இருந்தது.

"சரி, பார்த்துடலாம்."

உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு புது மெட்டு ஒன்றை மூன்று முறை வாசித்தாள். அவளருகே ஜன்னலுக்கு வெளியே மோட்டார் சைக்கிள்களும் வெங்காயக்காரனின் கூச்சலும். எதிர்ப்பக்கம் சுவரோர நாற்காலியில் யாரிசெல் தலை குனிந்து எழுதினாள்.

மறுபடியும் இரண்டு வரி.

"கொண்டா இங்கே. இது எவ்வளவு கண்றாவின்னு நானே பாடிக் காட்டுறேன்."

கேலி செய்யத்தான் கீழ்வரியைப் பாட ஆரம்பித்தாள். பாதியிலேயே கேலி போய்விட்டது. மெட்டுக்கு இரண்டு படி கீழே, தோளில் கைபோட்டு நடப்பதுபோல் கூடவே வந்த அந்த வரி, மெட்டு முடிந்த பிறகும் முடியவில்லை. கடைசிச் சுரத்தை மட்டும் தனியாக இழுத்துக்கொண்டு நின்றது. இந்த இழுப்புக்காகக் கூடப் பாடியவளோடு எத்தனை மேடையில் சண்டை போட்டிருக்கிறாள்!

"எங்கே தப்பு டீச்சர்?"

"ஒரு சுரம்கூடத் தப்பில்ல, கண்ணு." தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "தேர்வுக்குப் பயப்படாதே. அங்கே உனக்கு ஒரு குரல்தான் கேக்கும். இப்ப நீ எந்திரி, நான் அங்கே உட்காரணும்."

சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து, பியானோ இல்லாமல் அதே மெட்டைத் தன் சொந்தக் குரலில் பாடினாள். அப்பாவின் வீட்டை இரண்டாகப் பிளக்க ஆளுக்குப் பாதி செங்கல் வாங்கி எழுப்பிய அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து, வருடக்கணக்கில் முகம்கொடுத்துப் பேசாத அக்கா சொராய்தா, இரண்டாம் குரல் பிடித்தாள்.