பதில் குலவை

"பாத்தீங்களா, நம்ம வீட்டுக் குலவை கேட்டதும் மப்ரூக்கா ஜன்னலைச் சாத்திக்கிட்டா. வயித்தெரிச்சல், வேற என்ன" என்றாள் ஷெத்லியா.

மகள் யுஸ்ரா பள்ளி இறுதித் தேர்வில் பாஸ். செல்போனில் முடிவு வந்ததுமே ஷெத்லியா பால்கனியில் நின்று குலவையிட்டாள். கட்டடத்துப் பெண்களெல்லாம் பதில் குலவையிட்டுக்கொண்டே வந்து கூடிவிட்டார்கள். துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை பாஸானால் குலவையிட்டே ஆக வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் பொறாமை என்றுதான் பேசுவார்கள்.

எதிர்வீட்டு மப்ரூக்கா மட்டும் வரவில்லை.

பாவம் அவர்கள் என்று யுஸ்ரா குறுக்கே வந்தாள். மப்ரூக்காவின் மகள் ரானியாவுக்குப் போன வாரம் ஒரு பக்க முகம் வாதத்தில் இழுத்துக்கொண்டது. அந்தப் பக்கக் காதில் கரண்டி விழுகிற சத்தம் கேட்டால்கூட உயிர் போகிற மாதிரி வலிக்கிறதாம்.

"வாய் கோணினா காது ஏண்டி வலிக்கணும்? எல்லாம் சாக்கு."

ரெண்டுக்கும் ஒரே நரம்புதான் என்று டாக்டர் சொன்னதை யுஸ்ரா சொல்லிப் பார்த்தாள். யார் காதில் வாங்கினார்கள்? ஷெத்லியா பக்லாவா இனிப்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மப்ரூக்காவின் முகம் கறுத்துப்போவதைக் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும்.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டப் போனவள் அப்படியே நின்றாள். உள்ளே குலவைச் சத்தம். கூடவே ரானியாவின் குழறல் பேச்சு.

"ஜன்னலைத் திறந்து வச்சுப் போடும்மா. கேக்கலேன்னா யுஸ்ரா அக்கா மனசு கஷ்டப்படும்."

ஷெத்லியா தட்டினாள். கண் கலங்கிப்போய் மப்ரூக்கா வந்து கதவைத் திறந்தாள்.

"வேணாண்டின்னாலும் கேக்க மாட்டேங்கிறாக்கா. நம்ம வீடு மட்டும் சும்மா இருக்கக் கூடாதாம்."

பின்னால் பதினைந்து வயது ரானியா, காதில் தலையணையை அழுத்திக்கொண்டு நின்றாள். மூட முடியாத ஒரு கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பாதி முகத்தால் சிரித்தாள்.

"லேட்டாயிடுச்சு, தப்பா நெனச்சுக்காதீங்க பெரியம்மா. போன வருஷம் எங்கண்ணன் பாஸானப்ப நீங்களும் தலைவலி, சத்தமே தாங்கலைன்னு சொல்லிட்டு வரலையே. அன்னிக்கு உங்களுக்கு எப்படி வலிச்சிருக்கும்னு எனக்கு இப்பத்தான் தெரியுது."