பச்சைப் புள்ளி

அலுவலகக் கணினியில் யார் பென்டிரைவைச் செருகினாலும் கண்காணிப்புத் திரையில் அவர் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி எரியும், உருவினால் அணையும். அந்த மென்பொருளை எழுதியவன் மாசிலாமணி. வெள்ளிக்கிழமை மாலை கோமளவல்லியின் பெயருக்கு நேரே எரிந்த புள்ளி திங்கள் காலையிலும் அணையவில்லை.

"மூணு நாளா ஃபைலை உறிஞ்சிட்டிருக்கு," என்றார் மேலாளர்.

"பொண்ணோட ப்ராஜெக்ட்டை பிரிண்ட் எடுத்தேன் சார். சிஸ்டத்தை அணைச்சுட்டு அப்பவே உருவிட்டேன். அணைச்சுட்டுத்தான் உருவணும்னு மாசிதான் சொல்லிக்கொடுத்தாரு," என்றாள் கோமளவல்லி.

மாசிலாமணிக்கு அப்போதுதான் புரிந்தது. கணினி அணைந்தால் அவன் மென்பொருளும் குருடு. அதன்பிறகு உருவுவது அதற்குத் தெரியாது. மறுபடி உயிர் வந்ததும் ஒருமுறை சரிபார்க்க வைத்திருக்கலாம், அவன் வைக்கவில்லை.

"உன் சாஃப்ட்வேர் தப்பு பண்ணுமாப்பா?"

மறுநாள் அதைத் தலைமை அலுவலகத்தில் காட்டவேண்டும்.

"பண்ணாது சார்."

"அப்போ நீங்க இனிமே வரவேண்டாம்மா," என்றார் மேலாளர் கோமளவல்லியிடம்.

கோமளவல்லி அவனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டு டப்பாவையும் நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகும் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. கையாலாவது அணைத்துவிடலாமென்று மவுஸை அதன்மேல் கொண்டுபோனவன் அப்படியே நின்றான். அணைத்தவர் பெயர் பதிவாகும்படி எழுதியிருந்தவனும் அவன்தான்.