மாநாட்டில் தூங்கியவன்

உலக மாநாட்டில் பேச எங்கள் தீவிலிருந்து அனுப்பிய கைத்தாரா, அங்கே போய்த் தூங்கிவிட்டான்.

சும்மா கண்ணசந்தது இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்து, எதிரே மேஜையில் எங்கள் நாட்டின் பெயர்ப்பலகையோடு அவன் தூங்கும் படம் வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்திருந்தது. பிஜியிலிருந்து யாரோ சொந்தக்காரர் கத்தரித்து அனுப்ப, கூட்டுறவுக் கடைச் சுவரில் அதை ஒட்டிவிட்டார்கள். உப்பு வாங்கப் போன ஊரே பார்த்துவிட்டது.

இதெல்லாம் நடந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அப்போது எந்த வழக்கானாலும் மனேயபாவுக்குத்தான் வரவேண்டும். தாழை ஓலை வேய்ந்த பெரிய பொது மண்டபம் அது. ஒவ்வொரு வம்சத்துக்கும் அங்கே ஒரு தூணடி உண்டு. அவரவர் பாயை எடுத்துக்கொண்டு போய் அவரவர் இடத்தில் உட்காருவோம். பேச்சு முடியுமுன் எழுந்து போனவனுக்கு அப்புறம் பேச்சில்லை, உள்ளே இருப்பவர்கள் சொல்வதுதான் முடிவு. அந்தக் காய்ந்த ஓலை வாசனைக்கு இன்றைக்கும் மனசு ஏங்குகிறது. மண்டபம் இருந்த இடத்தில் இப்போது முழங்கால் அளவு கடல் நிற்கிறது.

கைத்தாரா ஊருக்கு வந்த மறுநாளே, மத்தியானம் கூட்டம் போட்டார்கள்.

கடை நடத்தும் எரெட்டிதான் ஆரம்பித்தாள்.

"கடல் வீட்டுக்குள்ள வருதுன்னு சொல்லத்தானே உன்னை அனுப்பினோம்? மெத்தை நாற்காலியைப் பார்த்ததும் சொக்கிட்டியாக்கும்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த தடவை தலையணையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பலாம் என்றார் ஒருவர். கேலி கொஞ்ச நேரத்தில் கோபமாகிவிட்டது. இனி கைத்தாராவின் வம்சமே மனேயபாவில் வாய் திறக்கக் கூடாது என்று நாலைந்து தூணடிகளிலிருந்து குரல் வந்தது. அவனுக்குப் பின்னால் அவன் மகள்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

கூட்டத்தை நடத்திய நகிபே பெரியவர் கையை உயர்த்தினார்.

"ஏம்ப்பா, தூங்கினியா இல்லியா?"

"தூங்கினேன் பெரியவரே."

"தங்க ரூம் குடுத்தாங்கல்ல? அங்க போய்த் தூங்க வேண்டியதுதானே."

"எப்படிப் போறது? பேச்சு முடியலையே. எழுந்து போனா நம்ம பேச்சு போயிடுமே."

மண்டபத்தில் சிரிப்பு நின்றது.

மாநாட்டில் அப்படி ஒரு சட்டமே இல்லை. யாரும் எழுந்து போகலாம், வரலாம். அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, உலகத்தின் மண்டபமும் நம் மண்டபம் மாதிரிதான் என்று அவன் நினைத்துவிட்டான். வெள்ளிக்கிழமை முடியவேண்டிய மாநாடு இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. மற்றவர்கள் விமானத்தைப் பிடிக்க ஓடியிருக்கிறார்கள். இவன் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு இரண்டு பகல், இரண்டு ராத்திரி அதே நாற்காலியில் இருந்திருக்கிறான்.

சண்டையெல்லாம் தீர்மானத்தில் எழுதியிருந்த ஒரே ஒரு வரிக்காக. புகைவிட்டுப் பணக்காரரான நாடுகள், கடல் கொண்டுபோகிற நாடுகளுக்குப் பணம் தரவேண்டும் என்கிற வரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதி மண்டபம் காலியானதும், அந்த வரியை எடுத்துவிடலாமா, யாருக்காவது மறுப்பு உண்டா என்று தலைவர் ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறார். அந்தச் சத்தத்தில்தான் இவன் விழித்திருக்கிறான்.

"நாங்க ஒத்துக்கலைன்னு சொன்னேன். அவ்வளவுதான் பேசினேன்."

ஒரு நாடு மறுத்தாலே எடுக்க முடியாதாம், அந்த வரி அப்படியே நிலைத்துவிட்டது. இன்று எங்கள் ஊர் குடிக்கும் மழைநீர்த் தொட்டிகள் அந்தப் பணத்தில் வந்தவைதான். நாங்கள் பெயர்கூடக் கேட்டிராத தீவுகளிலும் அப்படித் தொட்டிகள் இருக்கின்றனவாம். உலகத்துக்குக் கொடுக்க எங்களிடம் பணம் ஏது, கடைசிவரை உட்கார்ந்திருக்கும் பழக்கம்தான் இருந்தது. அதைக் கைத்தாரா கொடுத்துவிட்டு வந்தான்.

எரெட்டி அவ்வளவு லேசில் விடுகிறவள் இல்லை.

"ரெண்டு நாளா ஒண்ணுக்குக்கூடப் போகலியா?"

"போனேன்க்கா. சமோவாக்கார அம்மா ஒருத்தங்களை நம்ம நாற்காலியில உட்கார வெச்சுட்டுப் போனேன்."

மறுபடி சலசலப்பு. தூங்கியதையாவது மன்னிக்கலாம், நம் இடத்தில் வேறு வம்சத்தை உட்காரவைப்பதா? நாட்டிலிருந்து போனது இரண்டு பேராயிற்றே, இன்னொருவனை உட்காரவைத்துவிட்டுப் போனால் என்ன, அந்த மனுஷன் எங்கே போயிருந்தான் என்று எரெட்டி பிடித்துக்கொண்டாள்.

கைத்தாரா பாயின் ஓரத்தைத் திருகிக்கொண்டே சொன்னான்.

"அவன் காய்ச்சல்ல கிடந்தான்க்கா. எழுந்திருக்கவே முடியல. வீட்டுல பயப்படுவாங்கன்னுதான் நான் வெளிய சொல்லலை."

நகிபே பெரியவர் தன் பங்கு பதநீரைக் கைத்தாராவின் முன்னால் நகர்த்தி வைத்தார். அதோடு வழக்கு முடிந்தது. எரெட்டி தானே போய்ச் சுவரிலிருந்த படத்தைக் கிழித்தாள். காய்ச்சலில் கிடந்தவனுக்கு உடம்பு தேறட்டும் என்று அன்றைக்கே மீன் சூப்பும் வைத்துக் கொடுத்தாள்.

கைத்தாரா போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாகிறது. அவன் இல்லாத ஊர் எனக்கு ஊராகவே இல்லை. அந்தக் காய்ச்சலைப் பற்றி அவன் சாகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மாநாட்டின்போது எனக்குக் காய்ச்சலே இல்லை. பனி கொட்டுவதை வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன், எரெட்டியின் சூப்பையும் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.