நோயில்லாதவரின் ரத்தம்

இரண்டாம் முறையும் அதே மரபணுப் பிழை திரையில் வந்து நின்றது.

அக்காவின் ரத்தத்தில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அதோடு சேர்த்து ஓட்டிய, நோயில்லாதவரின் ரத்தத்திலும் இருந்தது.

நேற்று இதைப் பார்த்தபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நோயில்லாத ரத்தத்திலேயே பிழை தெரிகிறதென்றால் சோதனையே தப்பு. ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்குச் சொட்டு தெறித்திருக்கும். என் கைதான் சரியில்லை, அக்காவின் ரத்தம் சரியாகத்தான் இருக்கும் என்று கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

வயிற்றில் கட்டி வளரவிடாமல் காவல் காக்கும் மரபணு அது. அக்காவின் வயிற்றில் வந்த புற்றுக்கட்டியில் மட்டும் அது கெட்டிருந்தால் அவளோடு முடிந்தது. ரத்தத்திலும் கெட்டிருந்தால் அது பிறவியிலேயே வந்தது. அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் போயிருக்கலாம்.

"எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும்டி. பிள்ளைங்களுக்கும் வருமான்னு மட்டும் பாத்துச் சொல்லு," என்றிருந்தாள்.

அதனால் இன்று எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். புதுக் கையுறை, புதுக் குழாய்கள். மேசையைத் துடைத்துத் துடைத்துக் கை வலித்தது. குழாயைத் தாலாட்டித் தூங்கவைக்காததுதான் பாக்கி என்று பக்கத்து மேசைக்காரர் கிண்டல் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெறும் தண்ணீர் ஊற்றிய மூன்றாவது குழாயில் ஒன்றுமே தெரியவில்லை. அப்படியென்றால் எதுவும் எதிலும் தெறிக்கவில்லை.

ஆய்வகத் தலைவரான மேடத்தைக் கூப்பிட்டேன்.

மேடம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்.

"பழைய நார்மல் ரத்தம் போன வாரமே தீர்ந்துபோச்சே. இது யாரோடதும்மா?"

அப்படித் தீர்ந்தால் ஆய்வகத்தில் இருப்பவர்களில் யாராவது கையை நீட்டுவதுதான் எங்கள் வழக்கம். அன்று யாரும் பக்கத்தில் இல்லை. அக்காவின் சோதனையைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை. அந்தப் பதற்றத்தில் வேறெதுவும் தோன்றவில்லை. எனக்குத்தான் ஒரு வயிற்றுவலிகூட வந்ததில்லையே என்று நானே நீட்டிவிட்டேன்.

சட்டைக் கையைச் சுருட்டி, ஊசி குத்திய இடத்தை மேடத்திடம் காட்டினேன்.

என் மகளுக்கு இப்போதுதான் முதல் பால்பல் ஆடுகிறது.